தூரத்தைச் சரிசெய்தவர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தபோது, இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று தாண்டிப் போனவன் நான். எங்கள் வீட்டில் பேனா பிடித்து நாலு பக்கம் எழுதிய ஆளே கிடையாது. அப்பா ஐந்தாவது வரை படித்தவர், நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அக்கா பத்தாவதோடு நின்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார். அக்காவின் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் எனக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டினோம். எங்கள் பரம்பரையில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான்.

அப்படிப்பட்டவன் ஏன் எழுத வந்தேன்? கோவை தந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் பெயர் தெரியாதவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கும் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தவை இரண்டு. ஒன்று, ஒரு பழைய கேமரா. மற்றொன்று, எங்கள் வீட்டில் வந்த ஒரு சண்டை.

மாமியார் கேமரா

எங்கள் தெரு முனையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ உண்டு. ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். இப்போது மகன்தான் டிஜிட்டலில் எடுக்கிறார். ஸ்டுடியோவை ஆரம்பித்த தாத்தா வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். பிரிண்ட் வருவதற்குள் கண்ணாடி அலமாரியை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தேன். உள்ளே கையடக்கமாக ஒரு கறுப்புப் பெட்டி. கேமரா மாதிரியே இல்லை.

நான் பார்ப்பதைப் பார்த்த தாத்தா அதை வெளியே எடுத்து ஒரு பட்டனை அமுக்கினார். முன்கதவு படக்கென்று திறந்தது. உள்ளே மடிந்து கிடந்த துருத்தி நீண்டு, அதன் நுனியில் லென்ஸ் வந்து நின்றது. கொல்லுப் பட்டறைத் துருத்தியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. ஜப்பான்காரன் செய்தது கண்ணு, மாமியா சிக்ஸ் என்று பேர், நாங்க மாமியார் கேமரான்னுதான் சொல்லுவோம், முறைச்சுப் பார்த்துட்டே இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவர் சொன்ன விஷயம்தான் என்னைப் பிடித்துக் கொண்டது. கேமராவில் தூரம்தான் பெரிய தலைவலி. ஆள் பத்தடியில் நின்றால் ஒரு கணக்கு, நாலடியில் நின்றால் வேறு கணக்கு. தூரம் தப்பினால் முகம் மங்கிவிடும். அந்தக் காலத்து மடக்குக் கேமராக்களில் பலவற்றுக்கு ஆள் நிற்கும் தூரத்தைக் கண்ணாலேயே மதிப்புப் போட்டு, லென்ஸைத் திருகி அந்த எண்ணில் வைக்க வேண்டும். மதிப்பு தப்பினால் படம் போச்சு, ஃபிலிமும் போச்சு.

1940-ல் ஜப்பானில் மாமியா என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். லென்ஸை அசைக்காமல் அப்படியே நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கிற ஃபிலிமை முன்னும் பின்னும் நகர்த்தினார். கேமராவின் முதுகுப் பக்கம் ஒரு பல் சக்கரம் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆள் இரண்டு உருவமாகத் தெரிவார். சக்கரத்தை உருட்ட உருட்ட இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி, அமுக்கிவிட வேண்டியதுதான். லென்ஸுக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரம் என்று ஃபிசிக்ஸில் நாம் மனப்பாடம் செய்தோமே, அந்த ஃபார்முலா என் கட்டைவிரலுக்குக் கீழே உருண்டது. எல்லாரும் லென்ஸை நகர்த்தும்போது ஒருத்தர் ஃபிலிமை நகர்த்தலாம் என்று யோசித்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேன்.

தாத்தா விடவில்லை. ஜப்பான் வரைக்கும் எதுக்குப் போகணும், நம்ம ஜி.டி. நாயுடுவே சினிமா கேமராவுக்குத் தூரம் சரிபண்ற கருவி ஒண்ணு கண்டுபிடிச்சாரே, நீ பாலிடெக்னிக் படிக்கிற பையன், இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் வந்த சண்டை

அதே வாரம் ரிசல்ட் வந்தது. கணக்குப் பேப்பர் ஊற்றிக்கொண்டது. முதல் அரியர்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நல்ல மனுஷர், எங்களுக்குக் கஷ்டம் வந்த போதெல்லாம் கைகொடுத்தவர். ஒரு கம்பெனியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரத்துக்கு எவ்வளவு வரும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். அரியர் வைத்துக்கொண்டு மூணு வருஷம் இழுத்து டிப்ளமோ வாங்கி, அதுக்கப்புறமும் இதே கம்பெனி வாசலில்தானே வந்து நிற்கப் போகிறான் என்றார். கடைசியாக ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார். ஜி.டி. நாயுடு எந்தக் காலேஜில் படித்தார், பள்ளிக்கூடத்தையே முடிக்கலையே, அவர் ஜெயிக்கலையா என்று.

அப்பா ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டீ கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். எனக்குப் பயமாகிவிட்டது. அக்கா மட்டும் இரண்டு மாசம் பொறுங்க மாமா என்று சொன்னார்.

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே மனிதரின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் அந்தப் பேரைச் சொல்லி என்னைப் படி என்கிறார். இன்னொருவர் அதே பேரைச் சொல்லி நிறுத்து என்கிறார். இதில் யார் சொல்வது சரி? நம் காலேஜ் லைப்ரரிக்குப் போனேன்.

களங்கல் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ல், சூலூருக்குப் பக்கத்தில் உள்ள களங்கல் கிராமத்தில் பிறந்தார். திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்தான். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். விவசாயக் குடும்பம்.

மாமா சொன்னது உண்மைதான், மறைக்கப் போவதில்லை. பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. வாத்தியார் மேல் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடினார் என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். படிப்பு நின்றது, தோட்ட வேலை பார்த்தார்.

ஒருநாள் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அதைப் பார்த்த நாள் முதல் பையனுக்குத் தூக்கம் போயிற்று. நம்மில் எத்தனையோ பேர் நல்ல பைக்கைப் பார்த்து ஏங்கியிருக்கிறோம். ஓட்டத்தான் ஏங்கினோம். அவருக்கோ, அது எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

கோயமுத்தூருக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மேசை துடைத்து, இலை எடுத்து, காசு சேர்த்தார். ஒரு மாசம் இரண்டு மாசம் அல்ல, வருஷக்கணக்கில். சேர்த்த காசைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடமே கொடுத்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம், வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றியதுதான். கழற்றினார், பார்த்தார், மறுபடி பூட்டினார். கடைசியில் மெக்கானிக் ஆனார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போன செமஸ்டரில் நம் லேபில் ஒரு எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார்கள் அல்லவா? அன்றைக்கு நான் பின்வரிசையில் நின்று கொட்டாவி விட்டுக் கொண்டிருந்தேன். ஒரு எஞ்சினின் உள்ளே பார்ப்பதற்காக ஒரு மனிதர் வருஷக்கணக்கில் எச்சில் இலை எடுத்திருக்கிறார்.

திருப்பூரில் வந்தது, பம்பாயில் போனது

அடுத்த செய்தி நம்ம ஊர்க்காரர்களுக்கு ரொம்ப நெருக்கமானது. முதல் உலகப் போர் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழில் நடத்தியிருக்கிறார். நம் ஊர் பனியன் ஊராவதற்கு முன்னால் பஞ்சு ஊராக இருந்த காலம் அது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் ஜின்னிங் ஆலைகள் ஓடிய ஊர். போர்க்காலத்தில் பஞ்சுக்கு நல்ல கிராக்கி, நல்ல லாபம் வந்தது. லாபம் வந்த தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பஞ்சு வியாபாரம் செய்தார். மொத்தமும் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

ஒரு சீசனில் ஏறி அடுத்த சீசனில் இறங்கிய கதைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஆர்டர் கேன்சலாகி மெஷினை விற்றவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதனால் இந்த இடம் நமக்கு நன்றாகப் புரியும். விழுந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மறுபடி எஞ்சினுக்கே திரும்பினார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியால் 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாயிற்று. நாட்டிலேயே சிறப்பாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

மோட்டார் முதல் ரேசர் வரை

பணம் வந்ததும் மனுஷர் சும்மா உட்காரவில்லை. எதைப் பார்த்தாலும் இதை எப்படி இன்னும் சுலபமாக, இன்னும் மலிவாகச் செய்யலாம் என்றே யோசித்தார். வெளிநாடு போனால் ஊர் சுற்றிப் பார்ப்பதை விடத் தொழிற்சாலை சுற்றிப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை.

1937-ல் பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவின் முதல் மின் மோட்டார் தயாரானது. அவரோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் டி. பாலசுந்தரம் நாயுடு. அவர்தான் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கி நூற்பு இயந்திரங்கள் செய்தார். கோயமுத்தூர் என்றால் மோட்டார், பம்பு என்று இன்றைக்கு நாடு முழுவதும் சொல்கிறார்களே, அதற்கு விதை போட்ட காரியங்களில் இதுவும் ஒன்று. நம் நிட்டிங் மெஷினும் பவர் டேபிளும் மோட்டார் இல்லாமல் ஓடுமா?

பேட்டரி செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ஷேவிங் ரேசர் செய்தார். மிக மெல்லிய பிளேடு செய்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாதபடி ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று பட்டியல் நீளும். நம் நாட்டுத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டு இயந்திரம் வைத்தது 1982-ல், கேரளத்தில் பரவூர் தொகுதியில். நாயுடுவோ 1974-லேயே மறைந்துவிட்டார். அப்படியானால் அவர் எத்தனை முன்னால் யோசித்திருக்கிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டு வந்தார். பருத்தியிலும் சோளத்திலும் பப்பாளியிலும் புது ரகங்கள் கண்டார். அவருடைய தோட்டத்தை சர் சி.வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து பார்த்திருக்கிறார்கள். இந்தியாவின் எடிசன் என்று அவரை அழைத்தது சும்மா இல்லை.

கேமராவும் தூரமும்

இப்போது ஸ்டுடியோ தாத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. நாயுடு கேமராப் பைத்தியம் என்றால் அது மிகையாகாது. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, களங்கல் கிராமத்திலிருந்து போன இந்த மனுஷர் அதைத் தம் கையாலேயே சினிமா பிடித்தார். ஜெர்மனியில் ஹிட்லரைப் படம் பிடித்தார். இங்கே மகாத்மா காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் எல்லாரும் அவர் கேமராவுக்குள் வந்தார்கள்.

படம் எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. சினிமா கேமராவில் தூரம் சரிசெய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். போட்டோவுக்கு ஆள் அசையாமல் நின்றுவிடுவார், ஒரு தடவை தூரம் வைத்தால் போதும். சினிமாவில் ஆள் நடப்பார், ஓடுவார், கிட்ட வருவார், தள்ளிப் போவார். தூரம் நொடிக்கு நொடி மாறும். கேமரா பிடிக்கிறவன் பாடு திண்டாட்டம். அந்தத் திண்டாட்டத்தைப் பட்டவர்தான் அதற்கு மருந்தும் தேடினார். ஜப்பானில் மாமியாவைத் தூங்கவிடாத அதே தலைவலி, நம்ம கோயமுத்தூரில் நாயுடுவையும் தூங்கவிடவில்லை.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. பள்ளிக்கூடத்தை விட்டவர்தான், ஆனால் படிப்பை எங்கே விட்டார்? பைக்கைக் கழற்றியது படிப்பு. பஞ்சில் தோற்றதும் படிப்பு. படம் பிடிக்கப் போய் அங்கே தொழில்நுட்பத்தைக் கற்றது படிப்பு. மாமா சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை மாமா விட்டுவிட்டார்.

ஹோப் காலேஜ்

மீதிப் பாதியின் பெரிய துண்டு இங்கேதான் இருக்கிறது. நண்பர்களே, நாம் கோயமுத்தூர் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்போம்! பீளமேடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்டக்டர் ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ் என்று குரல் கொடுப்பார். அது எந்தக் காலேஜ் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

1944-ல் நாயுடு மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணம் ஒதுக்கினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக், ஆர்தர் ஹோப் என்ஜினீயரிங் கல்லூரி இரண்டும் உருவாயின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பெயரை வைத்தார்கள். அந்தக் கல்லூரிதான் பிறகு இடம் மாறி, இன்றைக்குத் தடாகம் ரோட்டில் ஜி.சி.டி. என்று நாம் சொல்லும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. காலேஜ் இடம் மாறினாலும் பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தை முடிக்காத மனுஷர், 1945-ல் அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவே இருந்தார்! அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நான்கு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார்.

இதைப் படித்தபோது மாமா பக்கமும் நியாயம் இருப்பது தெரிந்தது. சும்மா வருஷத்தை இழுக்கிற படிப்பு நாயுடுவுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் படிப்பே வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் பாலிடெக்னிக்குக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்? ஒரு ஏழைப் பையனுக்கும் ஒரு இயந்திரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தூரத்தை ஓட்டலில் இலை எடுத்துக் கடந்தவர் அவர். அடுத்து வருகிறவன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்றுதான் பாலிடெக்னிக் வேண்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

எல்லாமே வெற்றி அல்ல

பெரியவர்களைப் பற்றி எழுதினால் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் அவர் தோற்ற இடங்களையும் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான். 2,000 ரூபாய் காருக்கு அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை, தயாரிப்பு நின்றது. அவர் கண்டுபிடித்ததில் பல இந்த மண்ணில் பெரிய தொழிலாக வளரவில்லை. வரிச் சுமையை எதிர்த்துத் தாம் செய்த பொருட்களைத் தாமே பொது இடத்தில் உடைத்தும் காட்டியிருக்கிறார். கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் செய்த பொருளை உடைக்க எனக்கு மனசு வராது. எங்கள் அம்மா ஒரு பீஸில் சின்ன ஓட்டை இருந்தாலே அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு இரண்டு நாள் புலம்புவார்.

1974 ஜனவரி 4-ல் அவர் காலமானார். அவினாசி ரோட்டில் அவர் பெயரால் தொழிற்கண்காட்சி இருக்கிறது. அவர் குடும்பத்தார் 2015-ல் திறந்த பழைய கார்களின் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் ஜி.டி. நாயுடு பெயரையே வைத்தார்கள்.

அப்பாவும் நானும்

படித்ததையெல்லாம் மாமாவிடம் சொல்லி ஜெயிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஒரு லீவு நாளில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவினாசி ரோட்டுக்குப் போனேன். அப்பா வேலைக்கல்லாமல் கோயமுத்தூர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே போனதும் அப்பா ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் நின்றார். பலகையில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டு, குனிந்து, கையைப் பின்னால் கட்டியபடி பார்த்தார். ஒரு எஞ்சின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, இந்தப் பல் சக்கரம் சுற்றினால் அது இப்படித் திரும்பும், அப்போது இது தூக்கும் என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம் அது. எழுத்தை நான் படித்தேன், இயந்திரத்தை அவர் படித்தார். அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரிகிறது. அவருக்கு ஒரு பாலிடெக்னிக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஹோப் காலேஜ் ஸ்டாப் வந்தது. இந்தப் பேர் எப்படி வந்ததுன்னு தெரியுமாப்பா என்று கேட்டேன். தெரியாது சாமி, சொல்லு என்றார். அவினாசி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர், வீட்டுக்குப் போனதும் மாமாவுக்குப் போன் போட்டு, பையன் முடிக்கட்டும் மாப்ள என்று மட்டும் சொன்னார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது காலேஜ் விட்டதும் மாமா பேசி வைத்த அதே கம்பெனியில் அரை ஷிப்ட் பார்க்கிறேன். மாமாவே மானேஜரிடம் சொல்லி அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்தார். அரியர் பேப்பரை மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை ரிசல்ட் வரவில்லை.

ஸ்டுடியோ தாத்தாவிடம் போய் எல்லாக் கதையையும் சொன்னேன். மாமியார் கேமராவை என் கையில் கொடுத்தார். ஃபிலிம் இல்லை. இருந்தாலும் தெருவில் போகிற ஒரு ஆளைப் பார்த்து, இரண்டு உருவம் ஒன்றாகும்வரை சக்கரத்தை உருட்டினேன். சக்கரம் கொஞ்சம் இறுகிக் கிடக்கிறது, பழைய கிரீஸ் காய்ந்து போயிருக்கும், ஒருநாள் ஸ்குரு டிரைவரோடு வா, கழற்றிப் பார்க்கலாம் என்றார் தாத்தா. கை நடுங்கினாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம்மைப் பார்த்து, ஜி.டி. நாயுடு படித்தாரா என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். ஆமாங்க, பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அதனால்தான் நமக்குப் பாலிடெக்னிக் கட்டினார் என்று பணிவாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அடுத்த நாள் லேபில் முன்வரிசையில் போய் நில்லுங்கள். நானும் அங்கேதான் நிற்பேன்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை